அருவியும் விருந்தும்: குற்றாலத்து நீர்முறை பற்றியதோர் ஆய்வு

தமிழகத்தின் மேற்றிசை மலைகளில் அருவிகள் பல உள. அவற்றுள் சமய குரவர் பாடலைப் பெற்றதும், பிணி தணிக்கும் எனப் பெயர் பெற்றதும், ஆண்டுதோறும் ஆனி ஆடித் திங்களில் மக்கட் பெருங்கூட்டத்தை ஈர்ப்பதும் ஆகிய சிறப்பு மூன்றும் ஒருங்கே அமைந்தது திருக்குற்றாலத்து அருவி. இவ்வருவியின் அழகைப் பற்றியும், திரிகூடராசப்பக் கவிராயரின் பாட்டு நயம் பற்றியும் அறிஞர் பலர் எழுதியுள்ளனர். ஆயின், அருவியை நாடி வருவாரைத் தங்குவித்து உண்பிக்கும் தொழில் அவ்வூரில் எவ்வாறு வளர்ந்தது, அத்தொழிலுக்கும் அருவிநீருக்கும் உள்ள உறவு காலந்தோறும் எவ்வாறு மாறியது என்னும் வினாக்களை இலக்கியச் சான்றும் வரலாற்றுச் சான்றும் கொண்டு ஆராய்தல் நம் துறையார்க்கும் உரிய பணியே. சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை குற்றாலத்து அருவிகளைப் பற்றி 2014ஆம் ஆண்டிலும் 2022ஆம் ஆண்டிலும் பிறப்பித்த ஆணைகள் இவ்வினாக்களை இன்று இன்றியமையாதன ஆக்கியுள்ளன. அவ்வாணைகளின் பொருளை உள்ளவாறு உணர்தற்கு முந்நூறு ஆண்டுகட்கு முற்பட்ட குறவஞ்சியும் பள்ளும் பெரிதும் துணைசெய்கின்றன என்பதே ஈண்டு நாம் காட்ட விழைவது.

முதற்கண் நிலத்தின் இயல்பை நோக்குவோம். குற்றாலத்துக்கு மேலே ஓங்கிய மலை மூன்று முடிகளை உடைமையின் திரிகூடம் எனப்பட்டது. ஆங்குப் பிறக்கும் சிற்றாறு தேனருவியாய் வீழ்ந்து, செண்பகாதேவியருவியாய் இறங்கி, குற்றாலநாதர் கோயிலின் அருகே பேரருவியாய்ப் பாய்கின்றது. பேரருவியின் உயரம் ஏறத்தாழ 60 மீட்டர். அத்துணை உயரத்தினின்று விழும் நீரை மனிதன் தலைமேல் ஏற்றல் எவ்வாறு இயலும் என ஐயுறுவார்க்கு விடை பொங்குமாங்கடல் என்னும் பாறைக்குழியாகும். நீர் முதலில் அக்குழியில் விழுந்து பொங்கி, வேகந் தணிந்து, பின்னரே வழிந்து கீழே இறங்குகின்றது. ஐந்தருவி, பழைய குற்றால அருவி, புலியருவி, சிற்றருவி முதலியன சுற்றுவட்டத்தில் உள்ளன. குற்றாலத்தினின்று தென்காசியைக் கடந்து கீழ்த்திசை நோக்கி ஓடும் சிற்றாறு, அழுதகண்ணி, குண்டாறு, அனுமாநதி, கருப்பாநதி முதலிய துணையாறுகளின் நீரையும் கொண்டு, ஏறத்தாழ 80 கிலோமீட்டர் சென்று, சீவலப்பேரியின் அருகே பொருநையொடு கலக்கின்றது. இடையே 17 அணைக்கட்டுகள் அதன் நீரைக் கால்வாய்களிற் பிரித்து விடுகின்றன. ஏறத்தாழ 22,000 ஏக்கர் நிலம் அதனால் விளைகின்றது.

இக்கணக்கை நாம் ஈண்டு எடுத்துரைத்ததற்குக் காரணம் உண்டு. குற்றாலத்துக்கு வருவோர் அந்நீரை அருவி என்று மட்டுமே அறிவர். பாறையின் அடியில் விழுந்ததும் அவர்தம் நோக்கில் அதன் வரலாறு முடிந்துவிடும். கீழ்நாட்டு உழவனுக்கோ அஃது ஆறு. பாறையடியிலேதான் அதன் வரலாறு தொடங்குகின்றது. ஒரு நீரே வந்தார்க்கு அருவியாகவும் வாழ்வார்க்கு ஆறாகவும் நிற்கும் இவ்விரட்டைத் தன்மையை மறவாது நோக்கின், பின்வரும் செய்திகள் அனைத்தும் ஒரு தொடர்பில் அமையக் காணலாம்.

குற்றாலக் குறவஞ்சி 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுந்தது. மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் பாடிய இந்நூலுக்கு மதுரை நாயக்க மன்னர் விசயரங்க சொக்கநாதர் (1706–1732) நிலம் வழங்கினார் என்பதும், அந்நிலம் குறவஞ்சிமேடு என வழங்குவதும் யாவரும் அறிந்தன. இந்நூலின் மலைவளப் பகுதியைச் சுவைத்துப் பேசுவோர் பெரும்பாலும் வானரங்களோடும் வானவரோடும் நின்றுவிடுகின்றனர். நம் ஆராய்ச்சிக்கு வேண்டுவன அதனினும் எளிய செய்திகள். குறத்தி தன் குடிவாழ்க்கையைக் கூறுமிடத்து, அருவிநீர் முற்றமெங்கும் பரந்து சிறுமியர் இழைத்த சிற்றிலை வாரிச் செல்லும் என்கிறாள். மலையிலே நீர் வரும் வழியில் வீடு உள்ளது. நீரின் வழியை வீடு தடுப்பதில்லை. தடுக்கக்கூடிய ஒன்று சிறுமியர் மணலால் கட்டிய வீடே, அதனையும் நீர் கொண்டு சென்றுவிடுகின்றது. குறத்திக்கு இதில் வருத்தம் இல்லை, பெருமிதமே உண்டு.

மற்றொன்று. அவள் திரிகூடமலையை எங்கள் மலை என்று உரிமை பாராட்டுகிறாள். பாராட்டியவள் உடனே ஏனைய மலைகளையும் தங்கை என்றும் பிற உறவு என்றும் முறைகூறி அழைக்கின்றாள். உடைமை என்பதை அவள் உறவு என்னும் பொருளிலேயே ஆள்கிறாள் என்க. கிழங்கு அகழ்தலும் தேன் எடுத்தலும் வளம் பாடி நடத்தலும் அவள் கூட்டத்தார் தொழில்; வேலியிடுதல் அவர்தம் தொழில்களின் வரிசையில் இல்லை.

நூலின் பிற்பகுதியில் சிங்கன் பறவை பிடிக்கக் கண்ணி வைக்கும் இடம் இன்னும் கருதத்தக்கது. பறவைக் கூட்டங்கள் திரண்டு வந்து குற்றாலநாதர்க்குரிய பண்ணை நிலங்களிலும் குளங்களிலும் இறங்குகின்றன. ஆயிரப்பேரி, தென்காசி என ஊர்ப்பெயர்கள் அடுக்கி வருகின்றன. அயிரை முதலிய சிறுமீன்களை அவை கொத்தி உண்கின்றன. கதையின் போக்குக்கு இத்துணை ஊர்ப்பெயர்கள் வேண்டுவன அல்ல. பின் ஏன் கூறினார் கவிராயர்? கோயிலின் நிலவுடைமை எங்கெங்கு உள்ளது என்பதைப் பறவைகளின் வாயிலாக அவர் நமக்கு அளந்து காட்டுகின்றார் எனக் கொள்வதே பொருத்தம். அருவியின் நீர் ஆறாகிக் காலாகிக் குளமாகி அந்நிலங்களில் பாய்ந்தது. அந்நிலத்து நெல் கோயிலுக்கு வந்தது. கோயிலில் திருவமுதாகி அடியார்க்கும் வழிப்போக்கர்க்கும் உணவாயிற்று. ஆகவே குற்றாலத்துக்கு வந்த விருந்தினன் அருவியிற் குளித்ததோடு அமையாது, அவ்வருவி விளைத்த சோற்றையே உண்டான். ஆற்று நீர் குறையின் கோயிற் களஞ்சியம் குறையும். களஞ்சியம் குறையின் விருந்து குறையும். விருந்தோம்புவோர் ஆற்றைக் காத்தல் அவர்தம் நலத்தின்பாற் பட்டதாகவே இருந்தது.

குறவஞ்சியோடு முக்கூடற்பள்ளையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அந்நூலின் களம் சிற்றாறும் பொருநையும் கூடுமிடம். ஒன்று ஆற்றின் தலையில் எழுந்த இலக்கியம், மற்றொன்று அதன் கடையில் எழுந்த இலக்கியம். பள்ளில் மழைக்குறி பார்க்கும் பள்ளர் மலையாளத்து மின்னலையும் ஈழத்து மின்னலையும் நோக்கி வெள்ளத்தை எதிர்பார்க்கின்றனர்; குறவஞ்சியில் மலைமேல் நின்ற குறத்தி அதே நீரின் பிறப்பைப் பாடுகின்றாள். சிற்றிலக்கிய வகைகளைத் தனித்தனியே பகுத்துக் கற்பிக்கும் நம் பாடத்திட்டங்கள் இவ்விரு நூலையும் ஒரே ஆற்றின் இரு முனைகளாக மாணவர்க்குக் காட்டுவதில்லை. காட்டின், பள்ளன் வயலுக்கும் குறத்தியின் மலைக்கும் இடையே உள்ள நீர்த்தொடர்பு எளிதிற் புலனாகும்.

இவ்விடத்து ஓர் எச்சரிக்கை வேண்டும். முன்னோர் சூழலியல் முற்றும் உணர்ந்திருந்தனர் என்று பெருமை பேசுதல் ஆராய்ச்சியாகாது. கவிராயர் நீர்வளப் பாதுகாப்பு நூல் இயற்ற முற்பட்டவர் அல்லர். அக்காலத்து மக்கள்தொகை சிறிது, வழி அரிது, வருவோர் சிலர். ஆற்றைக் கெடுக்கும் ஆற்றல் அவர்களிடம் இருந்ததில்லை. எனினும், நீரைப் பற்றிய ஒரு கருத்து அவர்களிடம் இருந்தது. கருத்து என்பது மக்கள்தொகையைச் சார்ந்ததன்று.

இனித் தென்காசியை நோக்குவோம். 15ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் ஆங்குக் காசிவிசுவநாதர் கோயிலை எடுப்பித்தான். வடகாசிக்குச் செல்லும் நெடும்பயணம் இயலாத தென்னாட்டார்க்கு அருகிலேயே ஒரு காசி வேண்டும் என்பது கோயில் வரலாறு கூறும் நோக்கம். யாத்திரைத் தொலைவைக் குறைத்தற்கென ஒரு நகரமே எழுந்தது என்பது இக்காலச் சுற்றுலாத் துறையினர் எண்ணிப் பார்க்கத்தக்க செய்தி. அதனினும் சிறந்தது அவ்வரசனது கல்வெட்டுப் பாடல். இக்கோயிலுக்கு எக்காலத்தேனும் ஒரு குறை நேருமாயின் அதனை நீக்கிக் காப்பவர் எவராயினும் அவரை உலகறியப் பணிவதாக அவன் அதில் கூறுகின்றான். முடியுடை மன்னன் தனக்குப் பின் என்றோ பிறக்கப்போகும், பெயரறியாத ஒரு பழுதுபார்ப்பவன் முன் தலைவணங்குகின்றான். ஆக்குதலினும் காத்தல் அரிது என்பதை அவன் அறிந்திருந்தான். அவன் அஞ்சியதும் நிகழ்ந்தது. 19ஆம் நூற்றாண்டில் சிதைந்த இராசகோபுரம் மீண்டும் முழுமை பெற்று நின்றது 1990ஆம் ஆண்டிலேயே. கோபுரத்துக்குக் காவலர் கிடைத்தனர். ஆற்றுக்கு அத்தகைய வணக்கம் செலுத்திய கல்வெட்டு ஒன்றும் இல்லை. ஆறு தானே நிலைக்கும் என்னும் நம்பிக்கையே அதற்குக் காரணமாதல் வேண்டும்.

ஆங்கிலக் கும்பினியார் வந்தபின் மலையைப் பற்றிய நோக்கு மாறியது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவர்கள் சாதிக்காய், கிராம்பு முதலிய நறுமணப் பயிர்களைக் கீழ்க்கடல் தீவுகளினின்று கொணர்ந்து குற்றாலத்தில் தோட்டம் இட்டனர். ஒல்லாந்தர் கையிலிருந்த அவ்வாணிகத்தைத் தாமே கைப்பற்றும் முயற்சி அது. இன்று பருவகாலத்தில் குற்றாலத்துக் கடைகளில் மங்குஸ்தான், ரம்புத்தான், துரியன் முதலிய அயல்நாட்டுக் கனிகளை நாம் வாங்கி உண்கிறோம். கீழ்க்கடல் நாட்டுப் பயிர்கட்கும் இம்மலையடிவாரத்துக்கும் அன்று தொடங்கிய உறவு அக்கனிகளில் இன்றும் தெரிகின்றது. காடு தோட்டமாதல் அக்காலத்தே தொடங்கிற்று என்பதும் உடன் நினைக்கத்தக்கது.

அதே காலப்பகுதியில் அறிவு நாட்டத்தோடு வந்தோரும் உளர். இராபர்ட் வைட் என்னும் தாவர நூலார் 1830களில் குற்றால மலைகளிற் செடிகொடிகளைத் திரட்டினார். 1838 முதல் 1853 வரை பகுதி பகுதியாக வெளிவந்த அவரது பெருநூலில் தென்னிந்தியத் தாவரங்கள் படங்களோடு விளக்கப்பெற்றன. அப்படங்களை வரைந்தோர் ரங்கையா, கோவிந்து என்னும் நம் நாட்டு ஓவியர் என்பதைத் தமிழறிஞர் மறவாதிருத்தல் நன்று. குறத்தி பாடிய மூலிகைக் காடு அறிவியலின் ஏட்டில் ஏறியது இவ்வாறே.

ஐரோப்பிய அலுவலர்க்குக் குற்றாலம் உடல்நலம் பேணும் இடமாயிற்று, மாளிகைகள் எழுந்தன. திருவிதாங்கூர் அரசர் குடும்பத்தாரும் தமக்கென ஓர் அரண்மனை அமைத்தனர். அது இன்றும் கேரள அரசின் உடைமையாக உள்ளது. இவை யாவும் சிலர்க்குரிய இல்லங்கள். பலர்க்குரிய மாற்றம் இருப்புப்பாதையால் நேர்ந்தது. திருநெல்வேலியிலிருந்து தென்காசி, செங்கோட்டை வழியாகக் கொல்லம் வரையில் 1904ஆம் ஆண்டில் தொடர்வண்டி ஓடலாயிற்று. வண்டியும் கால்நடையும் கொண்டு வந்தவர் நின்று, புகைவண்டியில் வந்திறங்குவோர் பெருகினர். 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் குற்றாலத்து விருந்தோம்பலுக்குத் தலைசிறந்த எடுத்துக்காட்டு இரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் (1882–1954) இல்லம். இராசாசி, கல்கி முதலியோர் அவர்தம் விருந்தினராய் வந்து தங்கிக் கவிதை பேசி மகிழ்ந்தனர். ஆங்கு விருந்தினர் தங்கியது நண்பரின் வீட்டில். குளித்தது ஊரின் அருவியில். வீட்டுக்கு உரியவர் அருவிக்கு உரிமை கோரவில்லை. இவ்வேறுபாடு சிறிதாகத் தோன்றலாம். பின்னர் இதுவே பெரிதாயிற்று.

தங்கும் விடுதிகள் பெருகிய வரலாற்றை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. பேருந்து, சிற்றுந்து, ஊதியத்தோடு கூடிய விடுமுறை, அரசின் சாரல் விழா ஆகிய யாவும் அதற்குத் துணைநின்றன. இத்தொழிலின் இயல்பில் அமைந்த ஓர் இடர்ப்பாட்டை மட்டும் சுட்டுவோம். குற்றாலத்தின் பருவம் தென்மேற்குப் பருவக்காற்றை நம்பியது. சாரல் பெய்யும் மூன்று திங்களே அங்குள்ள கடைக்காரர், தானி ஓட்டுநர், எண்ணெய் தேய்த்து விடுவோர், விடுதிப் பணியாளர் ஆகியோர்க்கு ஆண்டு முழுவதற்குமான வருவாயைத் தருவன. அவ்வொரு பருவத்துக் கூட்டத்தைக் கணக்கிட்டே அறைகள் கட்டப்பெறுகின்றன. கழிவுநீர் வழிகளோ பேரூராட்சியொன்றின் நிலையான குடிகளைக் கணக்கிட்டு அமைந்தவை. கூட்டம் மிகும் அந்நாட்களிலேயே ஆற்றில் நீரும் மிகுதலால் மாசு கண்ணுக்குத் தெரியாது கீழே சென்றுவிடுகின்றது. வெள்ளம் வடிந்தபின் அது எங்குப் படிந்தது என்பதைக் கீழ்நாட்டாரே அறிவர்.

2014ஆம் ஆண்டில் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை குற்றாலத்து அருவிகளில் எண்ணெய், சவர்க்காரம், ஷாம்பு முதலியவற்றைப் பயன்படுத்தலாகாது எனத் தடைவிதித்தது. அருவிக் குளியலுக்கு முன் உடலெங்கும் எண்ணெய் தேய்த்தல் குற்றாலத்தின் நெடுநாள் வழக்கம். குற்றாலநாதர்க்கே மூலிகைத் தைலம் சாத்துதலும் சுக்குக் குடிநீர் படைத்தலும் கோயில் மரபு. அத்தகைய ஊரில் எண்ணெய்க்குத் தடை என்றபோது மரபு கெட்டதெனச் சிலர் வருந்தினர். வருத்தம் இயல்பே, ஆயினும் அளவு என்பதொன்று உண்டு. நூறு பேர் எண்ணெய் ஓடும் நீரில் கரைந்து மறையும். பல்லாயிரவர் எண்ணெய் நீரின்மேற் படலமாய்ப் பரவிக் காற்றிலுள்ள உயிர்வளி நீரிற் கலப்பதைத் தடுக்கும். சவர்க்காரத்தின் நுரை மீன்களின் செவுளைத் தாக்கும். சலவைப் பொருள்களில் உள்ள பாசுபரச் சேர்மங்கள் பாசியைப் பெருக்கும். கவிராயரின் பறவைகள் கொத்தியுண்ட அயிரை வாழ்வது இந்நீரிலேதான். 2019ஆம் ஆண்டு சனவரி முதல் நாளில் தமிழகமெங்கும் நடைமுறைக்கு வந்த ஒருமுறைப் பயன் பிளாஸ்டிக் தடையும் இத்திறத்ததே.

இவ்விரு தடைகளும் குளிப்பவனை நோக்கியவை. நாம் இவற்றை வேண்டா என்னோம். ஆயின் விருந்து என்னும் சொல்லின் பொருளை நினைவுகூர்வார்க்கு இவை குறையுடையன எனத் தோன்றும். தொல்காப்பியர் செய்யுளியலில் வனப்பு எட்டனுள் ஒன்றாக விருந்தை வைத்து, அதற்குப் புதுமை என்னும் பொருளையே கொண்டார். புதிதாய் வருதலின் வந்தவனும் விருந்து எனப்பட்டான். புதியவன் ஊரின் நீர்முறையை அறியான். குளித்து மகிழ்ந்து மறுநாள் சென்றுவிடுவான். முறை அறிந்தவனும் அங்கேயே இருப்பவனும் விருந்தேற்பவனே. எனவே திருவள்ளுவர் அதிகாரத்துக்கு விருந்தோம்பல் எனப் பெயரிட்டு, அறத்தை ஏற்பவன் மேலேயே வைத்தார். ஓம்புதல் என்னும் சொல்லில் காத்தல் என்னும் பொருளும் உள்ளது.

அவ்வகையில் 2022ஆம் ஆண்டின் ஆணை உரிய இடத்தையே சென்று சேர்ந்தது. குற்றாலத்தைச் சூழ்ந்த மலையடிவாரங்களில் ரிசார்ட்டு எனப்படும் உல்லாச விடுதிகள் சில, மலையினின்று இறங்கும் இயற்கை நீரோட்டத்தைத் தம் வளாகத்துள் திருப்பிச் செயற்கை அருவிகள் அமைத்துள்ளன என்றும், அவற்றைக் காட்டி விருந்தினரை ஈர்க்கின்றன என்றும் உயர்நீதிமன்றத்தில் முறையிடப்பெற்றது. நீதிமன்றம் அதனை ஆராயக் குழு அமைக்கவும், நீரைத் திருப்பி அமைத்த அருவிகளை மூடி நடவடிக்கை எடுக்கவும் பணித்தது. தொடர்ந்து அலுவலர் சென்று அத்தகைய அமைப்புகள் பலவற்றை மூடினர்.

இந்நிகழ்ச்சியின் புதுமையை நாம் ஊன்றி நோக்க வேண்டும். ஆற்றை மாசுபடுத்துதல் ஒன்று. ஆற்றையே எடுத்துக்கொள்ளுதல் மற்றொன்று. மேல்மலையில் நீர்ப்பிடிப்பு நிலம் சிறிது. கார்கால மழை நின்றபின் ஓடைகளில் ஓடுவது காட்டின் வேரும் சருகும் பிடித்து வைத்துச் சிறிது சிறிதாக விடுக்கும் நீரே. அந்நாட்களில் ஓர் ஓடையைக் குழாயாலோ சிறு அணையாலோ திருப்பினால் அதன் கீழுள்ள அணைக்கட்டுக்கு வரும் நீர் அந்த அளவுக்குக் குறையும். விடுதியார் நீரைக் குடித்து விடவில்லையே, மீண்டும் ஆற்றில்தானே விடுகின்றனர் என வாதிடுவாரும் உளர். திருப்பப்பட்ட ஓடையின் பழைய வழி இடையில் வறண்டு கிடப்பதையும், தேக்கிய நீர் ஆவியாதலையும், குளியற் கழிவோடு கலந்தே அது திரும்புதலையும் அவ்வாதம் கருதவில்லை. எல்லாவற்றினும் மேலாக, ஊர்க்குப் பொதுவான அருவியைத் தன் மதிலுக்குள் அடைத்துக் கட்டணம் பெறும் நிலை நேர்கின்றது. குறத்தி எங்கள் மலை என்றபோது அவள் சொல்லில் இல்லாத பொருள் இது.

அயல்நாட்டிலும் இத்தகைய வழக்கு முன்னரே எழுந்தது. அமெரிக்காவின் நயாகரா அருவியைச் சுற்றியுள்ள நிலம் 19ஆம் நூற்றாண்டில் தனியார் கையில் இருந்தது. அவர்கள் வேலியிட்டுக் காட்சிக்குக் கட்டணம் பெற்றனர். மக்களின் நெடுங் கிளர்ச்சிக்குப் பின் 1885ஆம் ஆண்டில் நியூயார்க்கு மாநில அரசு அந்நிலத்தை விலைகொடுத்து வாங்கிப் பொதுவாக்கியது. பின்னர் மின்னாற்றலுக்காக நீர் திருப்பப்பட்டபோது, 1950ஆம் ஆண்டில் அமெரிக்காவும் கனடாவும் உடன்படிக்கை செய்து, சுற்றுலாப் பருவத்தின் பகற்பொழுதில் வினாடிக்கு 1,00,000 கன அடிக்கும், ஏனைய பொழுதில் 50,000 கன அடிக்கும் குறையாது அருவியில் நீர் விழ வேண்டும் என வரையறுத்தன. நயாகராவின் அளவும் நம் சிற்றாற்றின் அளவும் மலையும் மடுவும் போல்வன. ஒப்பு அளவில் அன்று. அங்கு வரையறை காண்பவர் கண்ணுக்காக எழுந்தது. சிற்றாற்றுக்கு அத்தகைய வரையறை ஒன்று செய்வதாயின் அதனைக் கண்ணை வைத்து அளத்தல் ஆகாது; 17 அணைக்கட்டுகளை வைத்தே அளத்தல் வேண்டும்.

மலையின் மேற்பகுதியோ வேறோர் ஆட்சிக்கு உரியது. 2015ஆம் ஆண்டில் நெல்லை வனவிலங்கு உய்விடம் அறிவிக்கப்பெற்றது. தேனருவிக்குச் செல்லப் பொதுமக்களை வனத்துறை விடுவதில்லை. இதனைக் குறைகூறுவாரும் உளர். ஆயின் மேலே காடு நிற்பதனாலேயே கீழே அருவி நிற்கின்றது. 2024ஆம் ஆண்டு மே திங்கள் 17ஆம் நாள் கோடை மழையால் பழைய குற்றால அருவியில் திடீரெனப் பெருவெள்ளம் பாய்ந்தது. குளிக்க வந்திருந்த மாணவன் ஒருவன் உயிரிழந்தான். மேல்மலையிற் பெய்த மழை கீழே நிற்பார்க்குத் தெரிவதில்லை. பள்ளில் வரும் உழவர் தொலைவான மின்னலைக் கொண்டு வெள்ளத்தை முன்னறிந்தனர். இன்று மழைமானியும் எச்சரிக்கை ஒலியும் அவ்வறிவைத் தர வல்லன. அவற்றை நிறுவுதலும் பேணுதலும் அருவியை நம்பிப் பொருளீட்டும் விடுதித் தொழிலின் செலவுக் கணக்கில் இடம்பெறத் தக்கன என்பது நம் கருத்து.

தென்காசி 2019ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் நாள் தனி மாவட்டமாயிற்று. இதனால் குற்றாலத்து அருவிகளும் சிற்றாற்றின் மேற்பகுதியும் ஒரு மாவட்டத்திலும், சீவலப்பேரிக் கூடல் திருநெல்வேலி மாவட்டத்திலும் அமைந்தன. குறவஞ்சி ஓராட்சியிலும் பள்ளு மற்றோர் ஆட்சியிலும் ஆயின எனலாம். விடுதிக்கு இசைவு வழங்கும் அலுவலகம் மேலேயும், அவ்விசைவால் நீர் குறையும் கடைமடை கீழேயும் இருத்தலின், இரு மாவட்டத்து நீர்ப்பாசனக் கணக்குகளையும் ஒருங்கே வைத்து நோக்கும் முறை தேவையாகின்றது. நம் துறையினர் இதற்குச் செய்யக்கூடிய பணி ஒன்று உண்டு. குறவஞ்சியின் பறவைப் பகுதியிலும் முக்கூடற்பள்ளிலும் வரும் ஊர், குளம், வயல் ஆகியவற்றின் பெயர்களைத் தொகுத்து, தென்காசிப் பாண்டியர் கல்வெட்டுகளில் வரும் நிலப்பெயர்களோடு ஒப்பிட்டு, இன்றைய கால்வாய்களையும் குளங்களையும் நேரிற் சென்று கண்டு ஒரு நிலப்படம் வரைதல் வேண்டும். அப்படத்தில் ஒரு குளம் இன்று தூர்ந்து மனையிடமாகி இருப்பின் அதனையும் உரிய இடத்தில் குறித்தல் வேண்டும். சிங்கனின் பறவைகள் இறங்கிய இடம் அது என்று அதன் அருகே எழுதலாம்.